தேங்காய் பார்க்கப் போன குடும்பம்

"தேங்காயைப் பார்க்கவா நான் பிளேன் ஏறி வந்தேன்?"

பேபிச்சன் போட்ட சத்தம் மஸ்கட் நகரத்து ருவியில் அந்தக் கட்டிடத்தின் மூன்று மாடிக்கும் கேட்டது. கேட்காதவர்கள் கதவைத் திறந்து வைத்துக் கேட்டார்கள்.

"என் வீட்டுக் கொல்லையில இல்லாத தென்னையா? வாழையா? நம்ம ஊரு ரான்னியில ஜூலை மாசம் கூரை ஒழுகுது. அந்த மழையை விட்டுட்டு மஸ்கட் வந்து, இங்கேருந்து ஆயிரம் கிலோமீட்டர் பாலைவனத்துல போய், சலாலாவுல தூறுற மழையைப் பார்க்கணுமா?"

"எல்லாரும் போறாங்க அப்பச்சா," என்றாள் மகள் ஆனிக்குட்டி.

"எல்லாரும்னா? பைத்தியம் பிடிச்சவங்க எல்லாருமா?"

"மஸ்கட்ல இருக்கிற மலையாளிங்க எல்லாரும்."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

ஆனிக்குட்டி பல்லைக் கடித்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். சலாலாவுக்குப் போகும் உண்மைக் காரணத்தை அப்பனிடம் சொல்ல முடியாது. சொன்னால் அடுத்த நிமிடமே அது லிஃப்டில் ஏறி இறங்கும்.

காரணம் இதுதான். போன வெள்ளிக்கிழமை பிரார்த்தனை முடிந்து சர்ச்சிலிருந்து வெளியே வந்தபோது, மூன்றாம் மாடி சூசம்மா அவளை ஒரு வேன் மறைவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். "சலாலா போறீங்கல்ல? எனக்கு வேண்டிய குடும்பம் ஒண்ணும் அங்க வருது. லீலாம்மா டீச்சர், அவங்க அண்ணன் மகள் மெர்லின். பொண்ணு இங்க நர்ஸா இருக்கா. டீச்சர் ஊர்லேருந்து வந்திருக்காங்க. அத்தீன் மலையில, ஞாயித்துக்கிழமை மத்தியானம். சும்மா பார்த்துக்குங்க. நான் வேற ஒண்ணும் சொல்லல."

அந்த ஊர் மலையாளிகளிடம் 'நான் வேற ஒண்ணும் சொல்லல' என்றால் எல்லாம் சொன்னதாக அர்த்தம். பெண் பார்ப்பது என்ற பேச்சையே எடுக்க மாட்டார்கள். எடுத்து, காரியம் நடக்காமல் போனால், அடுத்த வெள்ளிக்கிழமை பாதிரியார் ஆமென் சொல்வதற்கு முன்னால் கடைசி வரிசை வரைக்கும் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். அதனால் இரண்டு குடும்பமும் ஏதோ ஒரு மலையிலோ கடற்கரையிலோ 'அடடே, நீங்களும் வந்திருக்கீங்களா' என்று தற்செயலாக மோதிக்கொள்ள வேண்டும். அந்தத் தற்செயலுக்காக ஒரு வாரம் புடவை இஸ்திரி போடுவார்கள்.

ஆனிக்குட்டிக்கு ஜின்டோ என்று ஒரு தம்பி. முப்பத்தாறு வயது. டீ கொடுத்து, கேக் கொடுத்து, 'யோசிச்சுச் சொல்றோம்' என்று அனுப்பிய வீடுகளைப் பட்டியல் போட்டால் அவர்கள் மாவட்டத்தின் வரைபடமே வந்துவிடும். அம்மா கண்ணை மூடிய பிறகு ரான்னி வீட்டில் அவனும் அப்பனும் மட்டும்தான். கஞ்சியும் அப்பளமும்தான் சாப்பாடு. கொடியில் காயப்போட்ட வேட்டியை அடுத்த மழை நனைத்த பிறகுதான் எடுப்பார்கள். இருவரும் ஒரு மாதம் இருந்துவிட்டுப் போக வந்திருந்தார்கள். அவர்கள் திரும்பிப் பிளேன் ஏறுவதற்குள் அந்த வீட்டுக்கு ஒரு பெண்ணை நிச்சயம் பண்ணாமல் விடுவதில்லை என்று ஆனிக்குட்டி தீர்மானம் செய்திருந்தாள். அவள் தீர்மானம் செய்தால் செய்ததுதான். புருஷன் ரோயைக் கேட்டால் தெரியும்.

அப்பன் வரவில்லை என்றதும் அவளுக்கு உள்ளுக்குள் நிம்மதிதான். அந்த வாயை வைத்துக்கொண்டு எந்தப் பெண்ணைப் பார்ப்பது? சூசம்மாவிடம் போய், "அப்பச்சன் வீட்ல இருக்கட்டும், நாங்க மூணு பேரும் போறோம்," என்றாள்.

சூசம்மா பதறிவிட்டாள். "என்னடி ஆனி, விளையாடுறியா? அப்பச்சன் கட்டாயம் வரணும். அவர் இல்லேன்னா அவங்க வண்டியே எடுக்க மாட்டாங்க."

நல்ல குடும்பம், பெரியவர்களுக்கு மரியாதை கொடுக்கிறவர்கள் என்று ஆனிக்குட்டிக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் அப்பனைக் கிளப்புவது எப்படி?

அதை ரோய் பார்த்துக்கொண்டான். சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமனாரிடம் போய், "சலாலாத் தேங்காய் நம்ம ஊர்த் தேங்காயை விட ருசின்னு சொல்றாங்க அப்பச்சா," என்றான் பவ்வியமாக.

பேபிச்சன் கையிலிருந்த சோறு தட்டில் விழுந்தது. "எவன் சொன்னான்? எப்ப கிளம்புறோம்?"

"இச்சாயா, நீங்க கெட்டிக்காரர்," என்றாள் ஆனிக்குட்டி புருஷனிடம். ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனத்தில், சலாலாவில் இருக்கும் ஒவ்வொரு தேங்காயோடும் சண்டை போடுவது என்ற முடிவோடு ஒரு மனிதர் காரில் ஏறப்போகிறார் என்பதை அவள் யோசிக்கவில்லை.

அடுத்தது ஜின்டோவின் தலை. காதோரம் நரை. கீழ்க்கடையில் இருந்ததிலேயே மலிவான சாயத்தை வாங்கி வந்து அவன் தலையில் அப்பினாள்.

"சேச்சி, எனக்குக் கல்யாணமே வேண்டாம்," என்றான் அவன், குளியலறைக் கண்ணாடியைப் பார்த்து.

"உன்னை யாரு கேட்டா? தலையைக் குனி."

அப்பனுக்கு வாங்கிய பேன்ட்டை அப்பன் தொடவில்லை. "இதைப் போட்டா என் கால் எங்க இருக்குன்னு எனக்கே தெரியாது," என்று வேட்டியிலேயே ஏறி உட்கார்ந்தார். வழியில் வாயைத் திறக்கவே கூடாது என்று மகள் கண்டிஷன் போட்டாள். "நான் எங்க திறந்தேன்?" என்று ஆரம்பித்தவர் நிஸ்வா தாண்டி, ஹைமாவில் டீக் குடித்து, தும்ரைத் வரைக்கும் நிறுத்தவில்லை. பாலைவனத்தில் எதுவும் இல்லாததைப் பற்றியே அவ்வளவு தூரம் பேச ஒரு மனிதரால் முடியும் என்று ரோய் அன்றுதான் தெரிந்துகொண்டான்.

அத்தீன் மலை பச்சைப் பட்டு விரித்த மாதிரி இருந்தது. சாரல். பனிமூட்டம். எங்கு பார்த்தாலும் பாய் விரித்து, பிளாஸ்க்கைத் திறந்து, நனைந்துகொண்டே சந்தோஷமாக உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள்.

"அடடே," என்றாள் ஆனிக்குட்டி, ஒரு வாரமாக ஒத்திகை பார்த்த குரலில். "நீங்களும் வந்திருக்கீங்களா?"

"அடடே," என்றாள் மெர்லின், அதே அளவு ஒத்திகையோடு. லட்சணமான பெண். பக்கத்தில் கஞ்சி போட்ட பருத்திப் புடவையில் லீலாம்மா டீச்சர். புருஷனை இழந்து, பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வும் பெற்றுவிட்டவர். கண்ணாடிக்கு மேலாக ஆளை அளந்து பார்க்கிற பழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை.

ஜின்டோ வணக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் பேபிச்சன் முந்திக்கொண்டார். "இவனா, என் மகன்தான். இவனைப் பத்துப் பதினஞ்சு வீட்ல..."

"அப்பச்சா," என்று அவர் முழங்கையைக் கிள்ளினாள் ஆனிக்குட்டி. "டீச்சருக்கு அந்த இளநீர்க் கடையைக் காட்டிட்டு வாங்க. குடையை எடுத்துக்குங்க."

குடை ஒன்றுதான் இருந்தது. அதற்குள் இருவரையும் தள்ளிவிட்டாள். வாயாடி அப்பனும் ஒழிந்தார், கண்ணாடி டீச்சரும் ஒழிந்தார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். சின்னஞ்சிறுசுகள் நாலு வார்த்தை பேசட்டும்.

சின்னஞ்சிறுசுகள் பேசினார்கள்.

"எப்படி இருக்கீங்க?" என்றாள் மெர்லின்.

"நனைஞ்சிருக்கேன்," என்றான் ஜின்டோ.

அவன் சொல்லும்போதே காதோரத்திலிருந்து ஒரு கறுப்புக் கோடு கன்னத்தில் இறங்கியது. பின்னாலேயே இன்னொன்று. சாரலுக்கு மலிவு விலைச் சாயம் எந்த மூலைக்கு?

"சேச்சி, இவருக்குத் தலையிலேருந்து என்னமோ வழியுது," என்றாள் மெர்லின்.

"ஆயுர்வேத எண்ணெய் மோளே."

"கறுப்பா இருக்கே?"

"விசேஷ எண்ணெய்."

ஆனிக்குட்டி தம்பியைப் பிடித்து இழுத்துப் போய்க் காருக்குள் தள்ளினாள். துடைத்துக்கொள்ளத் துண்டும், வாய் திறக்காமல் இருக்க ஒரு சீப்பு வாழைப்பழமும் கொடுத்தாள். மழை நின்ற பிறகு இறங்கினால் போதும் என்றாள்.

சலாலாவில் சாரல் காலத்தில் மழை நிற்பதில்லை. அந்தக் காலத்தில் மலையில் மேயும் ஒட்டகங்களுக்கு வாழைப்பழம் என்றால் உயிர். இந்த இரண்டில் எதையும் அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒரு நீளக் கழுத்து வந்து, கார் ஜன்னல் வழியாக ஜின்டோவின் மடியில் தலையை வைத்தது. அவன் மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு வெளியே பாய்ந்தான். சேற்றில் முழு நீளத்துக்கு வழுக்கிக்கொண்டு போய், மெர்லினின் செருப்புக்கு ஒரு சாண் முன்னால் நின்றான்.

மெர்லின் சிரிக்கவில்லை. அவன் முகத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டாள், சாயம் கண்ணில் படாமல். நர்ஸ் என்றால் இப்படி இருக்கணும் என்று ஆனிக்குட்டிக்குத் தெம்பு வந்தது. சேற்றில் விழுந்தவனைத் தொட்டுக் கழுவிவிட்ட பெண் வேண்டாம் என்றா சொல்லிவிடுவாள்?

"இச்சாயா, போய் அப்பச்சனையும் டீச்சரையும் கூட்டிட்டு வாங்க. பேச வேண்டியதைப் பேசி முடிச்சிடலாம்."

ரோய் போனான். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு இளநீரோடு தனியாகத் திரும்பினான்.

"அவங்க வரலையாம். கடைக்காரன்கூடச் சண்டை முடியலையாம்."

ஆனிக்குட்டி தலையில் கையை வைத்தாள். "அப்பச்சன் மானத்தை வாங்குறதுக்குன்னே வந்திருக்கார்."

"சண்டை போடுறது டீச்சர். அப்பச்சன் குடை பிடிச்சுக்கிட்டு நிக்கிறார்."

பெண்ணின் அத்தையையும் அப்பன் கெடுத்துவிட்டாரே என்று அவளுக்கு அழுகையே வந்தது. இந்த நேரம் பார்த்து மெர்லின் மெல்லப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சேச்சி, ஒண்ணு கேக்கலாமா? அப்பச்சனுக்குச் சர்க்கரை இருக்கா?"

"இல்ல மோளே."

"பிரஷர்?"

"எங்களுக்குத்தான் வருது."

"ரொம்பக் கோபக்காரரா? ராத்திரி நல்லாத் தூங்குவாரா? யார் கூடவும் ஒத்துப்போவாரா?"

ஆனிக்குட்டிக்குப் பளிச்சென்று விளங்கியது. இந்தக் காலத்துப் பெண்களுக்கு மாப்பிள்ளை சேற்றில் விழுந்தாலும் பரவாயில்லை, வீட்டில் மாமனார் இருக்கக் கூடாது. அதிலும் நர்ஸ். டியூட்டி முடிந்து வந்து வீட்டிலும் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ள எவளுக்குப் பிடிக்கும்? அதுதான் சுற்றி வளைத்துக் கேட்கிறாள். விட்டால் கை நழுவிவிடும்.

அவள் மெர்லினின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அப்பன் மேல் அவளுக்குப் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் தீர்மானம் தீர்மானம்தான்.

"மோளே, நீ ஒண்ணுக்கும் பயப்படாதே. கல்யாணம் முடிஞ்ச மறுநாளே அப்பச்சனை அந்த வீட்லேருந்து கூட்டிட்டு வந்துடறேன். இங்க என்கூட இருப்பார். இல்லேன்னா கோட்டயத்துல வயசானவங்களுக்குன்னு நல்ல ஹோம் இருக்கு, அங்க சேர்த்துடறோம். ரான்னி வீட்ல அவர் நிழல்கூட இருக்காது. இது என் அம்மா மேல சத்தியம்."

மெர்லின் கையை உருவிக்கொண்டு, இளநீர்க் கடைப் பக்கமும் ஆனிக்குட்டி பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள்.

கல்யாணம் நடந்ததா என்று கேட்பீர்கள். நடக்காமல் என்ன? ஜனவரியில் ரான்னி சர்ச்சில் ஜாம் ஜாமென்று நடந்தது. சூசம்மா இதற்கென்றே லீவு போட்டு வந்து, முன்வரிசையில் புதுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் மந்திரகோடிப் புடவையை ஆனிக்குட்டிதான் தன் கையால் தேர்ந்தெடுத்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு தேர்ந்தெடுத்தாள் என்பார்கள். அந்த வீட்டுக்கு ஒரு பெண் வந்துவிட்டாள் அல்லவா? மெர்லின் அடுத்த மாதமே அயர்லாந்துக்கு வேலை மாறிப் போய்விட்டாள். ஜின்டோ மஸ்கட்டுக்கு வந்து, ரோயின் கம்பெனியிலேயே சேர்ந்து, இன்னும் ஆனிக்குட்டி வீட்டுச் சோபாவில்தான் தூங்குகிறான். யாரைக் குறை சொல்வது? அத்தீன் மலையில், அந்தச் சாரலில், மெர்லின் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டாளே, அந்தக் கேள்வியை ஒரு வாரம் முன்னாலேயே யாராவது ஒருத்தர் வாய்விட்டுக் கேட்டிருந்தால் ஒரு சாய பாக்கெட்டாவது மிஞ்சியிருக்கும்.

"அப்பச்சனை அனுப்பிட்டா, எங்க அத்தை யாரைச் சேச்சி கட்டிக்கிறது?"