விரல்காரர் ஓட்டி வந்த சர்வர்

கோயமுத்தூரிலிருந்து ஈரோடு வரைக்கும் எத்தனை வீட்டுக் கதவு உண்டோ, அத்தனையும் ஒரே ஒரு ஆளைக் கண்டால் தானாகச் சாத்திக்கொள்ளும். அவர் திருடரில்லை. வட்டிக்காரரில்லை. பைத்தியம் என்றும் யாரும் நிரூபித்ததில்லை. தோளில் ஒரு பச்சைத் துண்டு, காலில் டயர் செருப்பு, வாயில் எப்போதும் ஒரு 'பாவமுங்க'. அவ்வளவுதான் விரல்காரர்.

சொந்தப் பேர் என்னவென்று அவருக்கே மறந்திருக்கும். மாட்டுத் தரகர். சந்தையில் மாட்டு விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். துண்டை மூடிக்கொண்டு அதற்குள்ளே ஒருத்தர் விரலை இன்னொருத்தர் பிடிப்பார்கள். எத்தனை விரல் பிடிக்கிறார், எந்தக் கணுவை அழுத்துகிறார் என்பதுதான் விலை. சுற்றி நூறு பேர் நின்றாலும் ரெண்டு பேருக்குத்தான் தெரியும். இந்த வித்தையில் அவரை மிஞ்ச ஆளில்லை. வலது கையில் ஒரு ஜோடி காளை, இடது கையில் ஒரு எருமை, ரெண்டையும் ஒரே நேரத்தில் பேசி முடித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

டிராக்டர் வந்தது, மாடு குறைந்தது. மனிதர் சளைக்கவில்லை. மூடுகிற மில்லில் தறி, மூடுகிற பட்டறையில் லேத்து என்று இறங்கிவிட்டார். அதுதான் வினையாகப் போயிற்று. எந்த வீட்டில் ஏதாவது கைவிட்டுப் போகப் போகிறதோ, அது வீட்டுக்காரருக்குத் தெரியும் முன்னாடி இவருக்குத் தெரிந்துவிடும். வாசலில் வந்து நிற்பார். 'பாவமுங்க' என்பார். எமன் எருமையில் வருவான், இவர் எருமையை விற்றுவிட்டு நடந்து வருகிறார் என்று எங்கள் தெருவில் பேச்சு.

"அந்த மனுசன் வாராருங்க, கேட்டைச் சாத்துங்க" என்று என் வீட்டம்மாள் பதறுவாள். நான் சாத்தவிட மாட்டேன். ஏன் சாத்த வேண்டும்? அஞ்சாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வார்ப்படப் பட்டறையில் மண் சுமந்து, அந்தப் பட்டறையையே வாங்கி, பம்ப் செட் போட்டவன். உடுமலைப்பேட்டையிலிருந்து ஈரோடு வரை என் பம்ப் இறங்காத கிணறு இருந்தால் அந்தக் கிணற்றில் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். விரல்காரரும் சொல்வார்: "மொதலாளி ஊட்டுல விக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க, வாங்கறதுதான் உண்டு. அதனாலதான் இங்க வந்து தகிரியமா டீ குடிக்கிறனுங்க."

தொண்ணூறுகளின் கடைசி. மழை இல்லை, நூலுக்கு விலை இல்லை, மாதம் ஒரு மில்லுக்குப் பூட்டு விழுந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் எனக்குக் கம்ப்யூட்டர் ஆசை பிடித்தது. சுகந்தி என்று ஒரு படித்த பெண்ணை வேலைக்கு வைத்தேன். ஆறு கம்ப்யூட்டர் வாங்கினேன். ஆறும் ஆறு கணக்குச் சொன்னது.

"ஒரு சர்வர் போட்டாத்தான் சார் சரியாகும். எல்லாக் கணக்கும் ஒரே எடத்துல இருக்கும்" என்றாள் சுகந்தி.

"அதை எந்த மேசையில வெக்கறது கண்ணு?"

"மேசையில வெக்கறதில்லீங்க சார். பீரோத் தட்டு மாதிரி இரும்புச் சட்டத்துல சொருகி, ஸ்க்ரூ போட்டு முடுக்கறது. ரேக் சர்வர்."

புதுசு என்ன விலை என்று கேட்டேன். சொன்னாள். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். பழசு கிடைக்குமா என்று கேட்டேன். அப்போது வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த விரல்காரர் எட்டிப் பார்த்தார்.

"சர்வருங்களா? பெருந்துறையில ஒண்ணு நிக்குதுங்க."

"சர்வர்னா என்னன்னு உமக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. ஆனா நிக்குதுங்க."

மறுநாள் பெருந்துறை போனோம். தொழிற்பேட்டையில் ஒரு துணிக் கம்பெனி. பெரிய கூடம், உள்ளே ஒன்றுமே இல்லை. நடுவில் ஒரு நாற்காலியில் கம்பெனிக்காரர் உட்கார்ந்திருந்தார். படித்த மனிதர், நாற்பது வயது இருக்கும். அந்த நாற்காலியையும் விற்றாகிவிட்டது. வாங்கினவன், அவராக எழுந்திருக்கட்டும் என்று சுவரோரமாக மரியாதையாக நின்றுகொண்டிருந்தான்.

சர்வர் ஒரு மூலையில் இருந்தது. பெட்டி ரெண்டு. ஒன்று சர்வர், இன்னொன்று கணக்கையெல்லாம் வைத்துக்கொள்கிற டிஸ்க் பெட்டி. ரெண்டுக்கும் நடுவே கட்டைவிரல் கனத்துக்கு ஒரு கறுப்புக் கேபிள். சுகந்தி போட்டுப் பார்த்தாள். ரைஸ் மில் மாதிரி இரைந்தது. "நல்லா இருக்குதுங்க சார்" என்று சொல்லிவிட்டு வேனுக்கு ஆள் பிடிக்க வெளியே போனாள்.

விரல்காரர் அதோடு விடுவாரா? முதுகைத் தட்டினார். காற்று போகிற ஓட்டையில் காதை வைத்தார். "மூச்சு சுத்தமுங்க." மாட்டுக்குப் பார்க்கிற மாதிரி சுற்றிவந்து நாலு பக்கமும் சுழி பார்த்தார். "சுழியும் தப்பில்லீங்க." பின்னால் சிவப்பு விளக்கு ஒன்றைப் பார்த்து, "ஒத்தைக் கண்ணுங்க, ஆனா பாக்குது" என்றார்.

அப்புறம் துண்டை எடுத்தார். கம்பெனிக்காரர் கையை அதற்குள் இழுத்துக்கொண்டார். அந்த மனிதருக்கு இந்த வித்தை தெரியாது. யாரோ துக்கம் விசாரிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். ரெண்டு விரலைப் பிடித்ததும் கண் கலங்கிவிட்டது. மூன்றாவதைப் பிடித்தபோது "ஆமாங்க, என்ன பண்றதுங்க" என்றார்.

"முடிஞ்சுதுங்க" என்றார் விரல்காரர்.

விலை பேசி முடித்ததும் அவர் ஒரு வாக்குச் சொல்வார். இதுவரை வாழ்நாளில் அது பொய்த்ததில்லை. என்னைப் பார்த்து அதையும் சொன்னார்: "அடுத்த சந்தைக்குள்ள இது வேலைக்கு நிக்கலீன்னா நானே ஓட்டிட்டுப் போயிருவனுங்க. அதுக்கப்பறம் இந்தத் துண்டைத் தோள்ல போட மாட்டனுங்க."

அதற்குப் பின்னால் ஒரு காரியம் செய்தார். மாடு விற்கிறவர் பிடிகயிற்றை அவிழ்த்துத் தானே வைத்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். மாடு போனாலும் கயிறு வீட்டில் தங்க வேண்டும், வாங்கினவர் புதுக் கயிறு போட்டுத்தான் ஓட்டிப் போக வேண்டும். விரல்காரர் சர்வரைச் சுற்றிக் கயிறு தேடினார். அந்தக் கறுப்புக் கேபிள் கண்ணில் பட்டது. ரெண்டு பக்கமும் பிடுங்கினார், அழகாகச் சுருட்டினார், ரெண்டு கையாலும் கம்பெனிக்காரரிடம் கொடுத்தார். அவரும் வாங்கிக்கொண்டார். அதைப் பார்த்துக்கொண்டே நின்றவன் நான். வழக்கம்தானே என்றிருந்தேன்.

ஊருக்கு வந்ததும் ரேக் செய்தேன். கடையில் விற்கிற ரேக் எனக்கு எதற்கு? பட்டறையில் ஆங்கிள் இரும்பை வெட்டி, வெல்டு வைத்து, பம்ப்புக்கு அடிக்கிற அதே பச்சைப் பெயின்ட் அடித்தேன். எட்டுப் பேர் தூக்கினார்கள். அது நின்ற இடத்தில் இன்றைக்கும் தரை குழிந்துதான் இருக்கிறது. சர்வருக்குக் குளிர் வேண்டும் என்றார்கள். ஏசி போட்டேன். நான் ஃபேனில் உட்கார்ந்தேன், பெட்டி ஏசியில் உட்கார்ந்தது. விரல்காரர் அதன் காதில், அதாவது காற்று ஓட்டையில், என் பேரை மூன்று தடவை சொன்னார். புது வீட்டுக்காரர் பேர் தெரிய வேண்டுமாம்.

சுகந்தி ரெண்டு பெட்டியையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"சார், நடுவுல ஒரு கேபிள் இருந்துச்சே, எங்கீங்க?"

"ஊட்டுக்காரர் கிட்டயே குடுத்துப்போட்டனுங்க அம்மணி" என்றார் விரல்காரர் பெருமையாக.

"ஏனுங்க குடுத்தீங்க?"

"கயிறுங்களே!"

அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கேபிள் இல்லாவிட்டால் டிஸ்க் பெட்டி ஊமை, சர்வருக்கு ஞாபகமே இருக்காது என்றாள். ஊர் முழுக்கப் போன் போட்டாள். அந்த வகைக் கேபிள் கோயமுத்தூரில் எந்தக் கடையிலும் இல்லை. பெங்களூரில் பழைய சாமான் விற்கிற இடத்தில் கிடைத்தாலும் கிடைக்கலாம் என்றார்கள்.

"இதுக்கெதுக்குப் பெங்களூரு? பெருந்துறைக்குப் போனா ஆச்சு. நான் கேட்டு வாங்கிட்டு வாரேன்" என்று எழுந்தேன்.

விரல்காரர் கேட்டில் போய்க் குறுக்கே நின்றார். என் எதிரே அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"மாட்டைத் திருப்பிக் கேக்கலாமுங்க. கயித்தைக் கேக்கப்படாதுங்க."

"யோவ், அது கேபிளய்யா!"

"அவருக்கு மிஞ்சினது அதொண்ணுதானுங்களே."

"அப்ப உம்ம வாக்கு என்னாகும்? சந்தைக்கு நாலு நாள்கூட இல்லை. துண்டை எறக்கி வெச்சுப்போட்டு என்ன சோலி பாப்பீரு? உம்ம மூஞ்சியைப் பாத்தா வேற எவன் வேலை குடுப்பான்?"

விரல்காரர் துண்டை இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு சுகந்தியிடம் போய், "அம்மணி, அந்தக் கயிறு பூட்டற எடம் எந்தப் பெட்டில இருக்குதுங்க?" என்று கேட்டார். அவள் டிஸ்க் பெட்டியைக் காட்டினாள். கேபிளின் பேரைத் தாளில் எழுதித் தருகிறேன் என்றாள்.

"தாளெல்லாம் எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. மாட்டைக் கூட்டிட்டுப் போயித்தான் கயிறு அளவு பாக்கோணும்."

ஒரு மூட்டை சிமென்ட் கனத்தில் பாதி இருக்கும் அந்தப் பெட்டி. தலைமேல் வைத்துக்கொண்டு பெங்களூர் பஸ் ஏறப் போய்விட்டார் மனிதர். கண்டக்டர் லக்கேஜ் என்றானாம், இவர் மடியில் வைத்துக்கொண்டு, "உசுருங்க, கீழ வெக்க முடியாதுங்க" என்றாராம்.

எனக்கு நம்பிக்கையில்லை. மறுநாள் காலையில், யாருக்கும் சொல்லாமல், காரை எடுத்துக்கொண்டு பெருந்துறை போனேன். நான் ஒரு இடத்துக்குக் கேட்கப் போனால் வாங்காமல் திரும்பியவனில்லை. இது ஊரறிந்த விஷயம்.

கம்பெனிக்காரர் வாடகை வீட்டுக்கு மாறியிருந்தார். டீ கொடுத்தார்கள். பாயில்தான் உட்கார்ந்தோம். வாயைத் திறக்கப் போனேன். சுவரில் சாமி படம், படத்துக்குக் கீழே ஒரு ஆணி, ஆணியில் அந்தக் கறுப்புக் கேபிள், சுருட்டினது சுருட்டினபடி. என் பார்வை போன இடத்தை அவர் பார்த்துவிட்டார்.

"அது எதுக்குன்னு எனக்கே தெரியலீங்க. உங்ககூட வந்தாரே ஒரு பெரியவர், அவர் குடுத்தது. இந்த மாசம் பூரா வந்தவங்க எல்லாரும் என்ர கையில இருந்து எடுத்துட்டுத்தாங்க போனாங்க. அவரொருத்தர்தான் கையில ஒண்ணைக் குடுத்துட்டுப் போனாருங்க."

டீயைக் குடித்தேன். கிணற்றில் தண்ணீர் எப்படி என்று விசாரித்தேன். என் பம்ப்பைப் பற்றி ரெண்டு வார்த்தை பெருமையாகச் சொன்னேன். எழுந்து வந்துவிட்டேன்.

சந்தையன்றைக்கு மத்தியானம் விரல்காரர் வந்தார். பெங்களூரில் விடாத மழையாம். பெட்டிமேல் பச்சைத் துண்டு சுற்றியிருந்தது, பெட்டியில் ஒரு சொட்டு ஈரமில்லை. மனிதர் நனைந்து நனைந்து, உடம்பிலேயே காய்ந்த சட்டையோடு நடுங்கிக்கொண்டிருந்தார். இருமல் ஆளைத் தூக்கிப் போட்டது. கழுத்தில், மாலை மாதிரி, ஒரு கறுப்புக் கேபிள்.

"ஏழெட்டுக் கடையில தப்புக் கயித்தைக் காட்டினானுங்க. பெட்டில பூட்டிப் பாத்தாத்தானே தெரியும்? ஒவ்வொரு கடைலயும் எறக்கி எறக்கி ஏத்தினனுங்க."

சுகந்தி அவர் கழுத்திலிருந்து அதைக் கழற்றினாள். பூட்டினாள். சுவிட்சைப் போட்டாள். ரைஸ் மில் இரைந்தது. விளக்கெல்லாம் கண்ணடித்தது. கொஞ்சநேரத்தில் என் ஆறு கம்ப்யூட்டரும் முதல் தடவையாக ஒரே கணக்கைச் சொன்னது. அதுவும் நஷ்டக் கணக்கு. இருந்தாலும் ஒரே கணக்கு.

விரல்காரர் எல்லாரையும் பார்த்தார். ஈரத் துண்டை உதறினார், தோளில் போட்டுக்கொண்டார். மகாராஜா பட்டம் கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

டீ வரவழைத்தேன். பெருந்துறை போனதை அவரிடம் சொல்லாமலிருக்க முடியவில்லை. "கேக்கலை. சும்மா பாத்துட்டு வந்தேன். உம்ம கயித்தை ஆணியில மாட்டி வெச்சிருக்கறாரு" என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஊட்டுக்கு உள்ளீங்களா, வெளியிலீங்களா?"

"உள்ள. சாமி படத்துக்குக் கீழ."

"அப்பச் சரிங்க" என்றார். "வெளியில மாட்டினா உட்டுப்போட்டாருன்னு அர்த்தமுங்க. உள்ள மாட்டினா மறுக்காவும் ஏதோ ஒண்ணு வந்து சேருமுங்க." அப்புறம் இருமினார். நிறைய நேரம் இருமினார்.

அந்த இருமல் அவரை விடவில்லை. என் காரில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அங்கேயும் பக்கத்துக் கட்டில்காரரைப் பார்த்து 'பாவமுங்க' என்று சொல்லப்போய், நர்ஸம்மா அவரை வேறு வார்டுக்கு மாற்றினார்கள். அடுத்த தைக்கு அவர் இல்லை. அவரை எடுத்த அன்றைக்கு எங்கள் தெருவில் எல்லாக் கதவும் திறந்திருந்தது.

சர்வர் வெகுகாலம் உழைத்தது. அப்புறம் அதற்கும் வயசாகி, என் பட்டறைக்கும் வயசாகி, பழைய இரும்புக்காரன் வேனோடு வந்தான். தராசில் போட்டான், விலையை வாய்விட்டுச் சத்தமாகச் சொன்னான். துண்டும் இல்லை, விரலும் இல்லை. ரெண்டு பெட்டியையும் தூக்கும்போது, "இர்றா" என்று சொல்லி, நானே குனிந்து நடுவிலிருந்த கேபிளைப் பிடுங்கினேன்.

"அது எதுக்குங்க உங்களுக்கு?" என்றான்.

அவனுக்குச் சொன்னால் புரியாது. உள்ளேதான் மாட்டி வைத்திருக்கிறேன், சாமி படத்துக்குக் கீழே. உள்ளேயா வெளியிலேயா என்று கேட்பதற்குத்தான் ஆளில்லை.