மத்தி வாசம்

சாம்பல் புதன்கிழமை கோயில் வாசலில், மச்சான் செபஸ்டினைச் சாட்சி வைத்து அடைக்கலசாமி ஒரு சபதம் போட்டார். தவக்காலம் முழுக்க, ஈஸ்டர் வரைக்கும், மீன், கறி என்று எந்தக் கவிச்சியையும் தொடமாட்டாராம். தொட்டால் மீசையை எடுத்துவிடுவாராம். வீட்டிலும் கவிச்சி கூடாதாம். ஏலாக்குறிச்சி சுற்றுவட்டாரத்தில் அந்த மீசையைத் தெரியாதவர்கள் குறைவு. அவருக்கு அதன் மேல் உயிர்.

சபதம் பத்து நாள் நின்றது. பதினோராம் நாள் கீழப்பழுவூர் கடைத்தெருவில் மீன் வறுக்கும் கல்லைப் பார்த்ததும் மனசு கெட்டுவிட்டது. ஆனால் மனைவி ஆனி ரோஸின் மூக்கை நினைத்துப் பயந்து வெறும் வயிற்றோடு திரும்பினார். அடுத்த தெருவில் யார் வீட்டில் என்ன தாளிப்பு என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லும் மூக்கு அது.

மறுவாரம் தா.பழூரில் மக்காச்சோளப் படைப்புழுப் பயிற்சி. அங்கே வேளாண்மை சார் சொன்னதுதான் அவர் புத்தியைத் திருப்பியது.

"படைப்புழுவோட ஆண் அந்துப்பூச்சி வாசத்தை வச்சுத்தான் பெண் பூச்சியைத் தேடும். அதோட உணர்கொம்புல நொதி இருக்கு. வாசம் பட்டதும் அதைச் சிதைச்சுடும். விஷ நெடியைக்கூட முறிக்கும். பழசைத் துடைச்சாத்தான் அடுத்த வாசம் தெரியும்."

"துடைக்க முடியாத அளவுக்கு வாசம் வந்துட்டா சார்?" அடைக்கலசாமி எழுந்து கேட்டார்.

"பெண் பூச்சி எந்தப் பக்கம்னு தெரியாம ஆண் பூச்சி வயலையே சுத்திக்கிட்டுக் கெடக்கும்."

பயிற்சியில் அவ்வளவு கவனமாகக் கேட்ட விவசாயி வேறு யாருமில்லை. அன்று மத்தியானமே கீழப்பழுவூர் போய் நாலு துண்டு மீன் வறுவலை முடித்துவிட்டு, மல்லிகை, சந்தனம், தாழம்பூ என்று மூணு கட்டு ஊதுபத்தியோடு வீட்டுக்கு வந்தார். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொளுத்தினார்.

"என்னங்க இது, வூடே தெரியல?"

"தவக்காலம். பக்தி."

ஆனி ரோஸ் இருமிக்கொண்டே உள்ளே போய்விட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை. அடைக்கலசாமிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அதன்பின் வாரத்துக்கு ரெண்டு தடவை பழுவூர், ரெண்டு தடவை பக்தி.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின வியாழன். வழக்கம்போல் பத்தியைக் கொளுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குள் போனவர் அப்படியே நின்றார். அடுப்பில் தோசைக்கல். கல்லில் ஆறு மத்தி மீன்.

"இது என்னடி?"

"மத்தி."

"தவக்காலத்துலயா?"

"சபதம் போட்டது நீங்க. நான் எங்க போட்டேன்?"

"எத்தன நாளா நடக்குது இது?"

"நீங்க பத்தி கொளுத்துற அன்னிக்கெல்லாம்."

"எனக்கு வாசமே வரலியே."

"எப்புடி வரும்? இந்தப் பொகையில உங்க மூக்கு மட்டும் வேல செய்யுமா?"

அடைக்கலசாமிக்கு நிஜமாகவே கோபம் வந்தது. இத்தனை நாளாக ஏமாந்திருக்கிறோமே என்ற ஆத்திரம். "ஒருத்தன் வாயக் கட்டிக்கிட்டு நோன்பு இருக்கான், நீ..."

"பழுவூர்ல இன்னிக்கு என்ன, வஞ்சிரமா, கெளுத்தியா?"



"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? பத்தொம்பது வருசத்துல ஒரு மெழுகுவத்தி கொளுத்துனதில்ல நீங்க. மூணு கட்டு பத்தியோட வந்து நின்னா, மோந்து வேற பாக்கணுமா?"

அடைக்கலசாமியின் கை தானாக மீசைக்குப் போனது. "செபஸ்டினுக்குத் தெரியுமா?"

"மொத நாளே போன் போட்டுட்டேன். மீன் வாங்கித் தர்றதே அவன்தான்." அவள் மத்தியைத் திருப்பிப் போட்டாள். "மீசைய எடுத்துட்டு வெரசா வாங்க, ஆறிப்போனா நல்லாருக்காது."