மார்டெலின் போனைப் பிடுங்கி வைக்கவும்

டூ ஹார்பர்ஸ், மினசோட்டா
அக்டோபர் 24

அன்பும் மரியாதையும் மிக்க மைத்துனி ஆர்லிஸுக்கு வெர்னன் லிண்ட்குவிஸ்ட் எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம், விரல்கள் தவிர. அரிசோனாவில் நீயும் உன் கள்ளிச்செடிகளும் வாடாமல் இருக்க வேண்டுகிறேன். உன் அக்கா கோபித்துக்கொண்டு அங்கே வந்து உட்கார்ந்திருப்பதில் எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை. எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும். அவள் போனை மட்டும் நீ பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடு.

அவள் தரப்பைக் கேட்டிருப்பாய். என் தரப்பையும் கேள். எங்கள் தெருவில் நவம்பர் ஒன்றாம் தேதிக்கு முன்னால் மானமுள்ள எவனும் ஹீட்டர் போடுவதில்லை, நீயும் இங்கே பிறந்தவள்தானே. எனக்கும் எதிர்வீட்டு ஓர்வில் ஸ்காருக்கும் இதில் பல வருஷப் பந்தயம். யார் வீட்டுப் புகைக்குழாயில் முதலில் புகை வருகிறதோ, அவன் மற்றவன் வாசலில் முதல் பனியை அள்ள வேண்டும். நான் இதுவரை அள்ளியதில்லை. இந்த வருஷம் உன் அக்கா மார்டெல், "முட்டி கடுக்குது வெர்ன். ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் ஒண்ணு வாங்கிப்போடு, எவ்வளவு சூடு வேணும்னு அதுவே பாத்துக்கும்"னு ஆரம்பிச்சா. சரி, ஒன்றாம் தேதிக்கு அப்புறம் உதவட்டும் என்று கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண் காட்டிய முதல் பெட்டி நம் பழக்கவழக்கத்தைக் கவனித்துக் கற்றுக்கொள்ளுமாம். என் பழக்கத்தைக் கவனித்துக் குறை சொல்ல வீட்டில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்றேன். இரண்டாவது வாய் திறந்து பேசுமாம். அதற்கும் ஆள் இருக்கிறது. மூன்றாவது யாரோ திருப்பிக் கொடுத்தது, மூலை நசுங்கிய பெட்டி, பாதி விலை. விலை குறைந்தால் அறிவும் குறைவாகத்தான் இருக்கும், அறிவு குறைந்தது சொன்ன பேச்சு கேட்கும் என்று கணக்குப் போட்டு அதையே எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து சுவரில் மாட்டின பிறகுதான் தெரிந்தது, அதில் பொத்தானே கிடையாது. எவ்வளவு சூடு கேட்கிறோம் என்கிற எண் மட்டும் தெரிகிறது. கூட்டவோ குறைக்கவோ ஸ்மார்ட்போன் வேண்டுமாம். என்னிடம் இருப்பது மடக்குகிற போன், அது நல்ல போன், அதை மாற்ற மாட்டேன். அதனால மார்டெல் போன்ல சேர்த்தோம். ஆர்லிஸ், என் கையாலேயே வீட்டுச் சாவியைக் கொடுத்த மாதிரி ஆயிடுச்சு! மறுநாள் காலையில் எழுந்தால் என் காலே எனக்குச் சூடாக இருக்கிறது. சுவரில் அறுபத்தெட்டு டிகிரி ஃபாரன்ஹீட். வெளியே ஓர்வில் காபிக் கோப்பையோடு நின்று எங்கள் வீட்டுப் புகைக்குழாயையே பார்க்கிறான்.

"என்ன வெர்ன், உங்க வீட்டுல கோடை வந்துடுச்சா?"

"வெந்நீர் போட்டேன்டா. வெந்நீர்ப் புகை."

"ஓஹோ. அவ்வளவு புகைக்கு ஒரு பசுவையே குளிப்பாட்டலாமே!"

நான் நேராகப் பேஸ்மென்ட்டுக்கு இறங்கி ஹீட்டருக்குப் போகிற எரிவாயுக் குழாயை மூடிவிட்டேன். மார்டெல் படியில் நின்றாள். "உனக்கு நான் முக்கியமா, ஓர்வில் முக்கியமா?"ன்னு கேட்டா. நான், "ஒண்ணாந்தேதி வரைக்கும் கேக்காத"ன்னேன். அதில் என்ன தப்பு? சாயங்காலம் துணிப்பெட்டியோடு கிளம்பிவிட்டாள்.

இப்போது நடப்பதைக் கேள். தினமும் நாங்கள் வழக்கமாக ராத்திரி சாப்பிட உட்கார்கிற நேரத்துக்குச் சரியாக, அரிசோனாவிலிருந்து அவள் எண்ணை ஏற்றுகிறாள். ஐம்பது அறுபத்தெட்டாகிறது. கீழே ஹீட்டர் டக் டக்கென்று முயன்று பார்த்துவிட்டு ஓய்கிறது, எரிவாயு இருந்தால்தானே! படுக்கிற நேரத்துக்கு மறுபடி ஐம்பதாக இறக்குகிறாள். வெண்ணெயில் கத்தி இறங்க மாட்டேன் என்கிறது, நான் சாப்பாட்டு மேஜையில் தொப்பியோடு உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் தோற்கவில்லை. தோற்கவும் மாட்டேன். அந்த எண் என்னைக் கேலி செய்வதை மட்டும் நிறுத்து. போனைப் பூட்டு.

உனக்கும் உன் வீட்டாருக்கும் உடல் நலமும், நிழலும், குளிர்ந்த தண்ணீரும் குறையாமல் கிடைக்க வேண்டும்.

தலைவணங்காத உன் அக்கா புருஷன்,
வெர்னன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் இதையும் எழுதிவிடுகிறேன். இன்று சாப்பாட்டு நேரம் வந்தது, எண் ஏறவில்லை. ஐம்பதிலேயே நிற்கிறது. சூப் ஆறிப்போகிற வரைக்கும் நாற்காலியைச் சுவருக்கு எதிரே போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் வீட்டுக்குப் போன் அடித்தால் யாரும் எடுக்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, ஆர்லிஸ். பேஸ்மென்ட்டுக்குப் போய் எரிவாயுக் குழாயைத் திறந்துவிட்டேன். திறந்து என்ன பயன், எண்ணை ஏற்ற இங்கே யாராலும் முடியாது. ஓர்வில்கிட்ட போய், "நான் தோத்துட்டேன், உன் வாசலை அள்ளறேன், என்னை ஏர்போர்ட்டுல விடு"ன்னேன். "புகையே வரலையேடா"ன்னான். "நீ வண்டியை எடு"ன்னேன். ஆகையால் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, நானே கொண்டுவருகிறேன். இதை நீ படிக்கும்போது உன் வாசலில் நின்றுகொண்டிருப்பேன். சத்தம் போட்டுப் படிக்காதே. அவளிடம் நீட்டிவிட்டு, நீ கொஞ்ச நேரம் வெயிலில் போய் நில்.