அக்கா சொல்லாத பெயர்

பிள்ளைக்குப் பெயர் வைப்பதில், பிள்ளை இல்லாதவர்களுக்குத்தான் கருத்து ஜாஸ்தி. எனக்குக் கல்யாணமே ஆகாத நாளில், கடலூரில் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் ஆப்பிளோடு ஒரு பிரசங்கத்தையும் கொண்டுபோவேன். 'ஷ்' என்று முடியும் பெயர்கள் எனக்கு ஆகாது. கோழி விரட்டுவது போல இருக்கிறது என்பேன். (இதைச் சொன்னது ரமேஷிடமும் தினேஷிடமும். இன்றும் என்னோடு பேசுகிறார்கள், நல்ல மனுஷர்கள்.)

எனக்குப் பிடித்த பெயர் ஒன்று உண்டு. தில்லைநாதன். சிதம்பரத்துப் பக்கம் பிறந்துவிட்டு வேறு பெயருக்கு அலைவானேன்? மகன் பிறந்ததும் மனைவியிடம் மட்டும் சொன்னேன். வெளியே தெரிந்தால் யாராவது தங்கள் பிள்ளைக்கு வைத்துவிடுவார்கள் என்று பயம். "அதை யாருங்க திருடப்போறாங்க?" என்று கேட்டுவிட்டு அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எங்கள் பக்கம் பெயர் சொல்வது அத்தையின் உரிமை. குழந்தையை மடியில் வைத்து, காதில் மூன்று முறை சொல்ல வேண்டும். என் அக்காவைக் கீரப்பாளையத்தில் கொடுத்திருக்கிறோம். அவளுக்குப் பிள்ளை இல்லை. "உம் புள்ளைக்கு நான்தான்டா பேரு சொல்லணும்" என்று என் கல்யாணத்துக்கு மறுநாளே சொல்லிவைத்தவள். பெயர் வைக்கிற அன்றைக்குப் பட்டுப்புடவையும் தங்கக் காப்புமாக எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள்.

சும்மா இருந்திருக்கலாம். எனக்கோ, இவ்வளவு நல்ல பெயரைக் காதோடு சொல்லி வீணாக்குவதா என்று தோன்றிவிட்டது. வாடகைக்கு மைக் செட் எடுத்தேன்.

குழந்தை மடிக்கு வந்ததும் அக்கா காதில் பெயரைச் சொல்லி, அவள் வாய்க்கு நேரே மைக்கைப் பிடித்தேன். அவள் முகம் செத்துப்போயிற்று. வாயைத் திறந்தாள், மூடினாள். மைக் மட்டும் 'உய்ங்' என்றது.

பழைய பெயர் என்று முகம் சுளிக்கிறாள் என நினைத்தேன். எனக்குள்ளிருந்த பிரசங்கி எழுந்துகொண்டான். மைக்கைத் திருப்பி, நம் மண்ணின் பெயரைச் சொல்ல நாமே கூச்சப்படலாமா, என் அக்கா இப்போது மூன்று முறை உரக்கச் சொல்வாள் என்று ஊருக்கே அறிவித்தேன். அக்காவின் கண் நிறைந்துவிட்டது.

"என்னால முடியாதுடா. வேற யாரையாவது சொல்லச் சொல்லு."

எந்த நாளுக்காக அவள் காத்திருந்தாளோ, அதை அவள் வாயாலேயே விட்டுக்கொடுக்க வைத்துவிட்டேன். அது கூட அப்போது புரியவில்லை. அம்மா ஓடிவந்து, அப்படி என்னடா பேரு என்றாள். சொன்னேன். கையில் மைக் இருந்ததை மறந்துவிட்டேன்.

"தில்லைநாதன்" என்று பந்தலெல்லாம் அதிர்ந்தது.

முதல் வரிசையில் ஒரு பெரியவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "என்னையா கூப்ட்டீங்க?"

அக்காவின் மாமனார். ஊரில் முதலில் பம்ப்செட் போட்டவர் என்பதால் எல்லோருக்கும் அவர் 'மோட்டார்க்காரர்'. அக்கா கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயர் இருந்தது. வீடுவீடாகப் போய்க் கொடுத்தவன் நான். கொடுத்தேனே தவிர, படிக்கவில்லை. மாமனார் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று நம்புகிற மருமகளை, அவர் கண்ணெதிரே, மைக்கில், மூன்று முறை சொல்லச் சொல்லியிருக்கிறேன். பூமி பிளந்தால் முதல் ஆளாக உள்ளே போயிருப்பேன்.

பேரை மாற்றிவிடுகிறேன் என்று உளறினேன். பெரியவர் மெல்ல நடந்து வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எதுக்கு மாத்தணும்? எங்கம்மா போனப்புறம் வூட்டுல யாரும் அந்தப் பேரைச் சொன்னதில்ல. எம் பொஞ்சாதி கடைசி வரைக்கும் சொல்லல. எனக்கே மறந்துடும் போல இருந்துது" என்றார். பிறகு அக்காவிடம், "நீ அழுவாத தாயி. அத்தை நீதான். என்னை எப்பிடிக் கூப்புடுவியோ, அப்பிடியே இவனையும் கூப்புடு" என்றார்.

அவர் ஒரு காதில் தன் பெயரைத் தானே மூன்று முறை சொன்னார். அக்கா மறு காதில், மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "மாமா, மாமா, மாமா" என்றாள். மைக் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தது. பந்தலில் பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். நான் இரண்டாவது கட்சி.

மகன் இப்போது மூன்றாவது படிக்கிறான். அக்கா இன்றுவரை அவனை மாமா என்றுதான் கூப்பிடுகிறாள், அதுவும் மரியாதையோடு. "மாமா, சாப்ட வாங்க" என்றால்தான் துரை கீரப்பாளையத்தில் சோற்றில் கை வைக்கிறார்.

போன வாரம் பக்கத்து வீட்டு ஜன்னலைப் பந்தடித்து உடைத்துவிட்டான். அக்காவாவது கண்டிக்கட்டும் என்று போன் செய்து சொன்னேன். "மாமாவா ஒடைச்சாங்க? இருக்காதே" என்றாள்.

அவளுக்குப் பின்னாலிருந்து பெரியவரின் குரல் பதறிக்கொண்டு வந்தது.

"நான் எப்ப தாயி ஒடைச்சேன்?"