நர்ஸ்கள் தினத்து மக்ரூன் விவகாரம்

தூத்துக்குடி,
ஆஸ்பத்திரி மூன்றாம் மாடி, ஜன்னலோரக் கட்டில்.

கர்த்தருக்குள் பிரியமான மாமா அருமைநாயகம் அவர்களுக்கு, மருமகன் பிரைட்டன் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. நாசரேத்தில் தாங்களும் அத்தையும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். இங்கே தங்கள் மகள் ஈவாஞ்சலின் பூரண சுகம். நானும் சுகம்தான், மூக்கில் ஒரு குழாய் இருக்கிறது, அவ்வளவுதான். போனில் சொல்லக்கூடாதா என்பீர்கள். ஆக்சிஜனைக் கழற்றி வைத்துவிட்டு ஊருக்கெல்லாம் என் நிலவரத்தை அறிவித்தேன் என்று போனைத் தங்கள் மகள் பிடுங்கிக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்காரர் குணமாகி நாசரேத் வழியாகச் சாத்தான்குளம் போகிறார், அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வாங்கியதும் வெயிலில் காயப்போட்டுப் படிக்கவும்.

'உங்க மருமவன்தான் ஆஸ்பத்திரிக்கே கொரோனா கொண்டு போயிட்டானாம்' என்ற பேச்சு இதற்குள் நாசரேத் வரைக்கும் வந்திருக்கும். அது அவதூறு மாமா. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நியாயத்தைத் தாங்களே சொல்லுங்கள்.

ஈவாஞ்சலினைக் கொரோனா வார்டில் போட்ட நாளிலிருந்து நான் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தேன் என்பது தெருவுக்கே தெரியும். அவள் டூட்டி முடிந்து வந்தால் முன்வாசல் வழியாக விடமாட்டேன், பின்பக்கம் குழாயடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும், வந்தாலும் பின்னறையோடு சரி. கூடத்தில் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தேன். சாப்பாட்டுத் தட்டை ஒட்டடைக் கம்பால் தள்ளிவிடுவேன். ஒருநாள் ரசம் கவிழ்ந்து அவள் காலில் கொட்டிவிட்டது. "நாய்க்குக்கூட இப்பிடி வைக்க மாட்டாவ" என்றாள். "வேலைய விட்டுரு, தட்டக் கையிலயே தாரேன்" என்றேன். "வார்டுல பத்துப் பேருக்கு ஒரு நர்சு நிக்கோம். நானும் வந்துட்டா அவங்களுக்கு யாரு தண்ணி குடுப்பா, நீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். பிடிவாதம் அத்தை வழியில் வந்தது, தங்களைச் சொல்லவில்லை.

இப்படியிருக்கையில் என் துறைமுகத்துக் கூட்டாளி சுடலைக்கண்ணன், பேத்திக்குக் காதுகுத்து வைத்தான். ஊரடங்கு நேரம், நான் தயங்கினேன். "ஏலே பிரைட்டா, எப்பிடி வேணும்னாலும் வா, மாஸ்க்கோட மட்டும் வந்துராத. போட்டோவுல மூஞ்சி தெரியாது" என்றான். ஆபத்தெல்லாம் ஆஸ்பத்திரியில்தானே இருக்கிறது, காதுகுத்து வீட்டில் என்ன இருக்கப்போகிறது என்று போனேன். போலீஸ் கண்ணில் படக்கூடாதென்று அத்தனை ஜன்னலையும் சாத்தி, திரையும் போட்டு, ஐம்பது அறுபது பேரை ஒரே கூடத்தில் உட்கார வைத்து மட்டன் பிரியாணி போட்டான். வெளியே கடற்காத்து சும்மா பிய்த்துக்கொண்டு போகிறது, உள்ளே எங்களுக்கு வேர்வை வழிகிறது. பிரியாணி நன்றாயிருந்தது, அதை மறைக்க முடியாது.

மூன்று நாலு நாளில் தொண்டையில் ஒரு கரகரப்பு. காதுகுத்து வீட்டில் குடித்த ஐஸ் மோர் என்று நினைத்தேன். அந்த வாரம் நர்ஸ்கள் தினம் வந்தது. வீட்டில் கயிறு கட்டி வைத்தாலும் எனக்கும் மனசு உண்டே மாமா! நம் ஊர் முந்திரி மக்ரூன் பெரிய பெட்டியாக வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஈவாஞ்சலின் அப்போது தலைமுதல் கால்வரை மூடுகிற வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு வார்டுக்குள் இருந்தாள், நான் வந்தது அவளுக்குத் தெரியாது. ஈவாஞ்சலின் வீட்டுக்காரர் என்றதும் காவலாளி சல்யூட் அடித்து, நர்ஸ்கள் டீ குடிக்கும் அறைக்கே அனுப்பிவிட்டார். ஏசி அறை, சின்னதுதான். எல்லாரும் மாஸ்க்கை இறக்கிவிட்டு மக்ரூனை வாயில் போட்டுக்கொண்டார்கள். மூத்த நர்ஸ் அற்புதமணி சிஸ்டர், "அண்ணாச்சி, ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்க" என்றார். மாஸ்க் போட்டுக்கொண்டு ஜெபித்தால் வார்த்தை தெளிவாக விழாது என்று கழற்றினேன். கொள்ளைநோய் இவர்களை அணுகக் கூடாது என்று உரத்த சத்தத்தில், ஒவ்வொரு சிஸ்டரின் பெயரையும் சொல்லி, தலைக்கருகே குனிந்து நின்று உருக்கமாக ஜெபித்தேன். நடுவில் இருமலும் வந்தது. எனக்கு உருக்கத்தில் தொண்டை அடைக்கிறது என்று நினைத்து ஒரு சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் எனக்குக் காய்ச்சல். அதற்கடுத்த நாட்களில் மூச்சு வாங்க ஆரம்பித்து, பெரிய விருந்தாளி மாதிரி ஆம்புலன்சில் இங்கேயே வந்து இறங்கினேன். வெள்ளை உடுப்பில் எல்லா நர்சும் ஒரே மாதிரி இருந்தார்கள். கிட்டே வந்த ஒருத்தியை மெதுவாகக் கேட்டேன்.

"சிஸ்டர், ஈவாஞ்சலின் சிஸ்டர் இன்னிக்கு டூட்டியா?"

"ஏன் கேக்கிய?"

"அவ வந்தா நான் தூங்குதேன்னு சொல்லிருங்க. மக்ரூன் விசயம் தெரிஞ்சா என்னையக் கொன்னுருவா."

"எந்த மக்ரூன்?"

கேட்டால் சொல்லித்தானே ஆக வேண்டும்? இருமல், ஜெபம், தலைக்கருகே குனிந்து நின்றது, ஒன்றையும் விடாமல் சொன்னேன். அந்த உருவம் கையிலிருந்த குறிப்பேட்டைக் கட்டில்மேல் வைத்தது. பிறகு முகத்தை மூடிய கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. அந்தக் குரலை நான் முப்பது வருஷமாகக் கேட்டு வருகிறேன்.

"எங்க அற்புதமணி அக்கா கீழ ஆக்சிஜன்ல கெடக்கா. சுகர்காரி. நீங்கதானா அது?"

எனக்கு அப்போது உண்மையிலேயே மூச்சு முட்டியது மாமா. விரலில் மாட்டியிருந்த கருவி கத்தியது. மூச்சு நன்றாக இறங்கட்டும் என்று அவள் என்னைக் குப்புறப் புரட்டிப் போட்டாள். "ஏளா, நான் செத்துருவேனா?" என்றேன். "செத்துத்தான் பாருங்களேன், பொறவு இருக்கு உங்களுக்கு" என்றாள். ஆனால் என் கையைப் பிடித்தவள், கருவி சத்தத்தை நிறுத்தும்வரை விடவில்லை. ரெண்டு கையுறைக்குள்ளிருந்தும் அந்தச் சூடு தெரிந்தது. எத்தனை மாதமாக அந்தக் கையைக் கம்பால் தள்ளியிருக்கிறேன்!

பிற்பாடு டாக்டர் முருகேஸ்வரி விசாரணைக்கு வந்தார். சின்னப் பிள்ளை, ஆனால் போலீஸ்காரி மாதிரி கேள்வி. "அண்ணாச்சி, உடுப்புப் போட்டு வார்டுக்குள்ள நின்னவங்க நல்லா இருக்காங்க. நோயில விழுந்தது பூராவும் டீ ரூம்ல மாஸ்க்கை இறக்கினவங்க. வார்டைப் பாத்துப் பயந்தோம், ஜன்னல் இல்லாத டீ ரூமை மறந்துட்டோம். அதுல எங்க தப்பும் இருக்கு. ஆனா இருமலோட உள்ள வந்தது நீங்க" என்றார். "டாக்டரம்மா, நான் நல்லதுக்குத்தான் ஜெபிச்சேன்" என்றேன். "இனிமே மனசுக்குள்ள ஜெபிங்க" என்றார்.

அற்புதமணி சிஸ்டருக்கு இப்போது தேவலை. ஆக்சிஜனை எடுத்துவிட்டார்கள், எழுந்து உட்கார்ந்து முதல் வேலையாக எனக்கு ஒரு செய்தி அனுப்பினார்: "அண்ணாச்சி ஜெபம் பலிக்கல, மக்ரூன் நல்லாருந்துது." மற்ற சிஸ்டர்களும் தேறிவிட்டார்கள்.

ஈவாஞ்சலினுக்குப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. எப்படி? என் கயிறு மாமா, என் கயிறு! கொரோனாவைக் கூடத்தின் இந்தப் பக்கமே நிறுத்தி வைத்தது. கயிற்றுக்கு எந்தப் பக்கம் கொரோனா இருந்தது என்பது வேறு விஷயம். அதை அவள் கேட்கிறாள், நீங்கள் கேட்க வேண்டாம். ஒரு மனைவியை இதைவிட ஒரு புருஷன் எப்படிக் காப்பாற்ற முடியும்?

ஆகவே தகப்பன் என்ற முறையில் தாங்கள் கண்டித்து எழுத வேண்டியது: இந்த வேலையை அவள் உடனே விட வேண்டும். ஆஸ்பத்திரி மனுஷர் இருக்கிற இடமில்லை. நோய் இங்கே காற்றோடு காற்றாக அலைகிறது, சொந்த அனுபவத்தில் சொல்லுகிறேன்.

அத்தையின் முழங்கால் வலியையும் தங்கள் முருங்கை மரத்தையும் ஆண்டவர் கண்ணோக்கிப் பார்ப்பாராக. எனக்காகவும் ஜெபியுங்கள், சத்தமில்லாமல்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
பிரைட்டன்

பி.கு.: இப்போதுதான் டாக்டர் வந்து, நாளைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போகிறார். எனக்குப் பயமாயிருக்கிறது. வெளியே ஒரு பயலும் மாஸ்க் போடுவதில்லை, எவன் எந்த விசேஷ வீட்டிலிருந்து வருகிறான் என்றே தெரியாது. இங்கேயென்றால் எல்லாரும் மூடிக்கொண்டு வருகிறார்கள், கை கழுவுகிறார்கள், ஜன்னல் திறந்திருக்கிறது. தூத்துக்குடியிலேயே பத்திரமான இடம் இந்த வார்டுதான். இன்னும் ஒரு வாரம் என்னை இங்கேயே வைத்துக்கொள்ளும்படி தாங்கள் ஈவாஞ்சலினிடம் ஒரு வார்த்தை சொல்லவும். வேலையை விடுவது பற்றி அதுவரை மூச்சு விட வேண்டாம்.