இறங்கக் கூடாதென்று ஒரு பிராது

முதலாளியின் ஏரோப்ளேன் நான்காவது தடவையாக வற்றிப்போன ஏரியைச் சுற்றியது. ஒரு சக்கரம் தொங்கியது. மற்றொன்று வயிற்றுக்குள்ளேயே இருந்தது.

"சார், இன்னொரு சக்கரத்த காணமே?" என்றாள் வீரம்மாள். பீங்கான் ஃபாக்டரியில் சூளைக்குள் சரக்கு அடுக்குகிறவள்.

சக்கரம் ஏன் இறங்கவில்லை என்று, பந்தல் போட்டு முதலாளியை வரவேற்கக் காத்திருந்த அந்தக் கூட்டத்திலேயே சூப்பர்வைசர் தேவநாதன் ஒருவருக்குத்தான் தெரியும்.

போன வாரம் ஒரு சூளைச் சரக்கு பூராவும் விரிசல் விட்டுப்போயிற்று. நன்றாக ஆறுவதற்குள் சூளைக் கதவைப் பிரிக்கச் சொன்னவர் சாட்சாத் தேவநாதன்தான். ஆனால், 'வீரம்மாள் அடுக்கினது சரியில்லை, அவளை நிறுத்திவிடலாம்' என்று பெங்களூருக்குக் கடிதம் எழுதிவிட்டார் மனிதர். 'நானே வந்து விசாரிக்கிறேன்' என்று முதலாளியிடமிருந்து தந்தி வந்தது. வருவதும் சொந்த ஏரோப்ளேனில்!

விசாரித்தால் யார் வேலை போகும் என்று தேவநாதனுக்குத் தெரியாதா? மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்கு ஓடினார். அங்கே குறையைத் தாளில் பிராதாக எழுதிக் கட்டினால் சாமியே தீர்த்துவைப்பார் என்பது ஊரறிந்த வழக்கம். தேவநாதனும் எழுதிக் கட்டினார்: 'முதலாளி விருத்தாசலத்தில் இறங்கக் கூடாது.'

சாமி அதை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றிக்கொண்டிருந்தார்.

"திரும்பிப் போவட்டும்னு இன்னொரு வரி எழுதியிருக்கக் கூடாதா, அறிவுகெட்டவனே!" என்று தன்னையே திட்டிக்கொண்டார் தேவநாதன்.

விமானம் தாழப் பறந்து வந்தது. மேலிருந்து ஒரு ஷூ விழுந்தது. உள்ளே ஒரு சீட்டு: 'சக்கரம் சிக்கிக்கொண்டது. வயிற்றால்தான் இறங்க வேண்டும். தரையை மெத்தென்று ஆக்கவும். பெட்ரோல் இன்னும் ஒரு மணி நேரத்துக்குத்தான் தாங்கும்.'

"பேக்கிங் வைக்கோல் அம்புட்டையும் கொண்டாந்து கொட்டுங்க!" என்று கத்தினார் தேவநாதன்.

ஆளுக்கொரு கட்டாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். பரப்பி முடிப்பதற்குள் இரண்டாவது ஷூ வந்து தேவநாதன் தோளில் விழுந்தது. 'முட்டாளே! வைக்கோல் தீப்பிடிக்கும். எடு!'

"வாரி எறிங்க, சீக்கிரம்! ஐயோ, இப்ப என்னத்த போடுறது?"

"ஃபாக்டரி தொட்டியில பீங்கானுக்குக் கரைச்ச மண்ணு ரொம்பிக் கெடக்குது சார்," என்றாள் வீரம்மாள். "அத ஊத்துனா தீயும் புடிக்காது, வழுக்கிக்கிட்டும் போவும்."

"அட, ஆமாம்! ஊத்துங்க! நான் இதோ போயிட்டு வரேன்."

"இந்த நேரத்துல எங்க சார்?"

"முதலாளிக்காக சாமிகிட்ட வேண்டிக்கத்தான்!" என்று சைக்கிளில் ஏறினார். அது பொய்யும் இல்லை.

கோயிலில் பிராது எழுதும் நடராசன் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தார்.

"பிராத வாபஸ் வாங்கணுமா? பலிச்சு வாபஸா, பலிக்காம வாபஸா?"

"பலிச்சிக்கிட்டே இருக்குதுங்க! தலைக்கு மேல சத்தம் கேக்கலியா?"

"அப்படி ஒரு வகை கெடையாதுங்களே. பலிச்சிருந்தா நன்றி சொல்லி வாபஸ். பலிக்கலன்னா காரணம் எழுதணும். வாபஸ் வாங்கிட்டா அதே பிராத மறுபடி கட்ட முடியாது. யோசிச்சிக்கிங்க."

ஒரு நிமிஷம் தேவநாதன் யோசிக்கத்தான் செய்தார். வேலை கண்முன் வந்தது. கூடவே, ஷூ இல்லாமல் மேலே சுற்றிக்கொண்டிருக்கும் மனிதரும் வந்தார்.

"ஆளு செத்துடுவாருங்க! வாபஸ்னு எழுதுங்க!"

அவர் ஏரிக்குத் திரும்பியபோது, விமானம் தொங்கிய சக்கரத்தையும் உள்ளே இழுத்துக்கொண்டு மண்கரைசலில் வயிற்றை வைத்தது. வழுக்கியது. வழுக்கிக்கொண்டே வந்தது. நிற்கிற வழியாகவே இல்லை. வரவேற்புப் பந்தலைச் சுருட்டிக்கொண்டு, தேவநாதனுக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றது.

பைலட் இறங்கினான். பின்னாலேயே முதலாளி வெறுங்காலோடு இறங்கினார். ஒரு கீறல் இல்லை. தேவநாதனுக்கு அழுகையே வந்துவிட்டது.

முதலாளி தரையைத் தொட்டுக் கும்பிட்டார். "மண்ணை ஊத்தச் சொன்னது யாருய்யா?"

"வீரம்மாதாங்க," என்று தேவநாதனுக்கு வாய் தவறி உண்மை வந்துவிட்டது.

"நீ நிறுத்தச் சொன்னியே, அந்த வீரம்மாளா?"

தேவநாதன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நகரப் பார்த்தார்.

"சரிதான். இனிமே ஏரோப்ளேனும் வேணாம், பெங்களூரும் வேணாம். ஃபாக்டரி பக்கத்துலயே எனக்கு ஒரு வீடு பாரு. ஒவ்வொரு சூளையையும் இனி நானே நின்னு பாத்துக்கறேன்."

தேவநாதன் சைக்கிளைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதே பிராதை மறுபடி கட்டவும் முடியாதே!

வீரம்மாள் கையிலிருந்த மண்ணை முந்தானையில் துடைத்துக்கொண்டு அருகில் வந்தாள்.

"சார், நாளைக்கி எனக்கு அரை நாள் லீவு வேணுங்க. முதலாளி இந்த ஊரோட வந்து தங்கி, சூளைய அவரு கண்ணால பாக்கணும்னு போன வாரம் கொளஞ்சியப்பருக்கு ஒரு பிராது கட்டியிருந்தேன். போயி, பலிச்சு வாபஸ் வாங்கணும்."