பின்வெளியில் நின்ற கார்

பெண்களுக்கு ஸ்டியரிங் சரிவராது என்பது தயாபரனின் அசைக்க முடியாத கொள்கை. மனைவி சுகந்தா லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம். அது அலுமாரியில் தூங்கியது. ஆனால் கார் அவள் பேரில்தான் இருந்தது. தனக்கு ஏழரைச் சனி என்று அவரே அப்படிப் பதிந்திருந்தார்.

சனி சும்மா விடுமா? ஓட்டும்போது போனில் கதைத்துக் கதைத்து, ஒவ்வொரு குற்றத்துக்கும் விழுகிற கறுப்புப் புள்ளிகள் குவிந்து, மூன்று மாதத்துக்கு லைசென்ஸ் முடங்கியது. முடங்கிய லைசென்ஸோடு ஓட்டினால் அந்த வளைகுடா நாட்டின் புதுச் சட்டப்படி ஜெயில். அந்தச் சட்டத்தைச் சாப்பாட்டு மேசையில் வரிவரியாக மனைவிக்கு விளக்கியவரே அவர்தான். இனி எந்த முகத்தோடு சொல்வது? மூச்சு விடவில்லை.

இருட்டோடு எழும்பினார்.

"ஏனப்பா இவ்வளவு வெள்ளெனப் போறியள்?"

"அஜ்மான் ட்ராஃபிக் உமக்கென்ன தெரியும்?"

"கவனமா ஓடுங்கோ."

கார்த் திறப்பைச் சுழற்றிக்கொண்டு இறங்குவார். கட்டிடத்தின் பின்வெளியில் நிற்கும் காரை ஏக்கத்தோடு பார்த்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவார். அல் கூஸில் இருக்கும் வேலையிடத்துக்குப் போய்ச் சேரும்போது சேர்ட்டைப் பிழியலாம்.

ஒருநாள் மாலை பார்த்தால், கார் திசை மாறி நின்றது! சீட் முன்னால் இழுபட்டிருந்தது. பெற்றோல் கூடியிருந்தது. களவெடுத்து, பெற்றோலும் அடித்து, திருப்பிக் கொண்டுவந்து விடுகிற கள்ளன் எந்த ஊரில் இருக்கிறான்? பொலிசுக்குச் சொன்னால் மனைவிக்குத் தெரியும். மனைவிக்குச் சொன்னால் மானமே போகும். சோறு இறங்கவில்லை. நித்திரையும் இல்லை.

மறுநாள் அரைநாள் லீவில் ஓடி வந்தார். காரைக் காணோம்! ஒரு பிக்கப்பின் பின்னால் பதுங்கினார். வெயில் மண்டையைப் பிளந்தது.

கார் வந்தது. இரண்டு வண்டிகளுக்கு நடுவே, ஒரே வெட்டில், ரிவர்ஸில் போய் நின்றது. தயாபரனால் ஒருநாளும் முடியாத வித்தை.

இறங்கியது சுகந்தா.

"நீரோ! எப்ப இருந்து?"

"உங்கட லைசென்ஸ் முடங்கின நாளிலயிருந்து."

"உமக்கு ஆர் சொன்னது?"

"கார் என்ர பேரிலயெல்லோ? ஒவ்வொரு குற்றத்துக்கும் மெசேஜ் என்ர போனுக்குத்தான் வந்தது. எத்தினை புள்ளியில முடக்குவாங்கள் எண்டு நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள்."

தயாபரனுக்கு அழுகை முட்டியது. "அப்ப ஏனப்பா ஒரு வார்த்தை சொல்லேல்லை? நான் பஸ்ஸில நசிபட்டுச் செத்தனான்!"

சுகந்தா மற்றத் திறப்பைக் கைப்பையில் போட்டாள்.

"சொல்லியிருந்தா, ஒவ்வொரு நாளும் விடிய உங்களை அல் கூஸுக்கு ஏத்தி இறக்கிற வேலை எனக்கெல்லோ வந்திருக்கும்!"